மலையோர வீட்டுக்கும் ஏலத்தோட்டத்துக்கும் சர்ஜ் பாதுகாப்பு: முழுமையான வழிகாட்டி

ஐப்பசி பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் வயரிங் வேலை செய்கிற எங்களுக்கு மதியத்துக்கு மேல் ஒரு கண் மேற்கேதான் இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் துலாவர்ஷம் என்பார்கள், இந்தப் பக்கம் ஐப்பசி மழை என்போம். சித்திரையில் வரும் கோடை மழையும் அப்படித்தான், இடி இல்லாமல் வராது. மறுநாள் காலையில் போன் வரிசையாக வரும். டிவி போய்விட்டது, பிரிட்ஜ் ஓடவில்லை, போர் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில் கருகிய வாசனை.

இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு போன். கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் ஸ்டோர், அதாவது காய் உலர்த்தும் கட்டடம், வைத்திருக்கும் ஒரு தம்பி பேசினார். “அண்ணே, எஸ்பிடி மாட்டியும் டிரையர் போர்டு போச்சுண்ணே. அந்தப் பெட்டியில பச்சை இன்னும் அப்படியேதான் இருக்கு.” எஸ்பிடி என்பது இடியால் லைனில் வரும் மின்னழுத்த உச்சத்தை, அதாவது சர்ஜை, எர்த்துக்குத் திருப்பிவிடும் காப்புப் பெட்டி. பச்சை என்று அவர் சொன்னது அதன் நிலை காட்டும் ஜன்னலை. மறுநாள் கம்பம் மெட்டு ஏறிப் போய்ப் பார்த்தேன். நல்ல எஸ்பிடிதான். சுவரில் நேராக, அழகாக மாட்டியிருந்தார்கள். அதன் எர்த் வயர் மட்டும் ஜன்னல் வழியே வெளியே போய், மிச்ச வயரை நான்கு சுற்றாகச் சுருட்டிக் கட்டி, ஸ்டோருக்குப் பின்னால் புதிதாகத் தோண்டிய ஒரு தனிக் குழியில் இறங்கியிருந்தது. டிரையரின் இரும்பு உடம்புக்கு எர்த் எதிர்ப்பக்கம் இருந்த பழைய குழியிலிருந்து. இரண்டு குழிக்கும் நடுவே எந்த இணைப்பும் இல்லை. போர்டு போனதற்கு இதுதான் காரணம். எப்படி என்று எர்த் பகுதியில் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

எஸ்பிடி வாங்குவது பத்து நிமிட வேலை. அதை எங்கே வைக்கிறோம், எவ்வளவு வயரில் இணைக்கிறோம், எர்த்தை எதோடு சேர்க்கிறோம் என்பதில்தான் பாதுகாப்பு முழுக்க இருக்கிறது. அதனால் அந்த இடங்களில்தான் நிறைய எழுதப் போகிறேன்.

சர்ஜ் எது, எது இல்லை

சர்ஜ் என்பது மைக்ரோ விநாடிக் கணக்கில் மட்டுமே நிற்கும் மின்னழுத்த உச்சம். கண் இமைப்பதற்குள் வந்து போய்விடும், ஆனால் உயரம் ஆயிரக்கணக்கான வோல்ட். மின்னல் நேராக லைனில் விழ வேண்டும் என்றில்லை. சில நூறு மீட்டர் தள்ளி ஒரு சில்வர் ஓக் மரத்தில் விழுந்தாலும், பக்கத்தில் ஓடும் மின்கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படும். தோட்டங்களுக்குப் போகும் லைன் கிலோமீட்டர் கணக்கில் திறந்த வெளியில் போவதால் மலையில் இது அதிகம். பெரிய மோட்டாரை நிறுத்தும்போதும், லைனைத் திரும்பப் போடும்போதும் சின்ன சர்ஜ்கள் வரும்.

இரவில் வோல்டேஜ் 260, 270 என்று ஏறி நிற்பது சர்ஜ் இல்லை. நியூட்ரல் அறுந்து, மூன்று பேஸ் லைனில் ஒரு வீட்டுக்கு 350, 400 வோல்ட் வந்து பல்பெல்லாம் பளீரென்று எரிந்து போவதும் சர்ஜ் இல்லை. அது மணிக்கணக்கில் நிற்கும் அதிக மின்னழுத்தம். அதைத் தாங்க எஸ்பிடியால் முடியாது, சூடேறிக் கழன்றுகொள்ளும். அதற்குத் தனியாக ஓவர் வோல்டேஜ் ரிலே இருக்கிறது. அளவு மீறினால் லைனையே துண்டித்துவிடும். மலையோரத்தில் இரண்டும் வேண்டும் என்பது என் கருத்து. எஸ்பிடி மாட்டியும் எல்லாம் எரிந்துவிட்டது என்று வந்தவர்களில் பாதிப் பேரின் வீட்டில் நடந்தது நியூட்ரல் கோளாறுதான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

பெரும்பாலான எஸ்பிடியின் இதயம் துத்தநாக ஆக்சைடில் செய்த ஒரு வில்லை. வேரிஸ்டர் என்பார்கள். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட மின்காப்பு மாதிரி சும்மா இருக்கும். மின்னழுத்தம் அதைவிடப் பல நூறு வோல்ட் ஏறும்போது நானோ விநாடிகளில் கடத்தியாக மாறி, வந்த மின்னோட்டத்தைத் தன் வழியே விட்டுவிட்டுப் பழையபடி அடங்கிவிடும். சிலவற்றில் வாயுக் குழாய் இருக்கும். குறிப்பிட்ட மின்னழுத்தம் வந்தால் உள்ளே பொறி பாய்ந்து வழி திறக்கும்.

வேரிஸ்டர் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். தேய்ந்தால் சாதாரண மின்னழுத்தத்திலேயே கசிந்து சூடாகும். அப்போது உள்ளே இருக்கும் ஈயப் பற்று இளகி அதைத் துண்டித்துவிடும், ஜன்னலில் பச்சை போய்ச் சிவப்பு வரும். பச்சை என்றால் வில்லை இன்னும் இணைப்பில் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். வயரிங் சரி என்றோ எர்த் நன்றாக இருக்கிறது என்றோ அது சொல்லாது. அந்த ஸ்டோரில் பச்சை அப்படியே இருந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

முதல் படி: உங்கள் இடத்தைச் சுற்றிப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு நோட்டில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். கரண்ட் கம்பத்திலிருந்து மேலே தொங்கும் சர்வீஸ் வயரில் வருகிறதா, மண்ணுக்குள் கேபிளில் வருகிறதா? ஒரு பேஸா, மூன்று பேஸா? மெயின் போர்டிலிருந்து டிவி, இன்வெர்ட்டர், மோட்டார் பெட்டி ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர்? கட்டடத்தில் இடிதாங்கி இருக்கிறதா? பக்கத்தில் செல்போன் கோபுரமோ இடிதாங்கி வைத்த கோயிலோ சர்ச்சோ உண்டா? எர்த் குழி எத்தனை, எங்கெங்கே?

இன்னொன்றும் முக்கியம். நம் பக்கம் பெரும்பாலான வீடுகளுக்குக் கம்பத்திலிருந்து வருவது பேஸும் நியூட்ரலும்தான். எர்த் நாமே குழி தோண்டிப் போட்டுக்கொள்வது. இந்த அமைப்புக்கு டிடி என்று பெயர். கம்பம் ஊரில் வீடும் இடுக்கிப் பக்கம் தோட்டமும் வைத்திருப்பவர்கள் இரண்டு இடத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மாநிலமும் மின்வாரியமும் மாறினாலும் அதே 230 வோல்ட், அதே 50 சுழற்சிதான். ஆனால் மண் வேறு, லைன் நீளம் வேறு.

இரண்டாம் படி: எதை வாங்குவது

எஸ்பிடிக்கான உலகத் தரம் ஐஇசி 61643-11. பெட்டியில் அந்த எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

மூன்று வகை உண்டு. டைப் 1, மின்னலின் மின்னோட்டமே ஒரு பங்கு உள்ளே வந்தாலும் தாங்குவது. அதைச் சோதிப்பது 10/350 என்ற அலையில். 10 மைக்ரோ விநாடியில் உச்சம் ஏறி, 350 மைக்ரோ விநாடியில் பாதியாக இறங்கும் அலை அது. டைப் 2, தூண்டப்பட்டு வரும் சர்ஜுக்கு. அதற்கு 8/20 அலை. டைப் 3, டிவி, கம்ப்யூட்டர் பக்கத்தில் வைக்கும் சின்னது.

கடையில் ஏமாறும் இடம் இதுதான். 8/20 அலையில் 40 கிலோ ஆம்பியர் என்பதும் 10/350 அலையில் 12.5 கிலோ ஆம்பியர் என்பதும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடும் எண்கள் இல்லை. உச்சம் ஒன்றாகவே இருந்தாலும் 10/350 அலை சுமக்கும் மின்னூட்டம் மற்றதைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு. “இது நாற்பது, அது பன்னிரண்டரைதானே, நாற்பதே பெரிசு” என்று கடைக்காரர் சொன்னால், எந்த அலையில் என்று கேளுங்கள்.

அந்த 12.5 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. சாதாரணக் கட்டடங்களுக்கான பாதுகாப்பு நிலையில் மின்னலின் உச்சத்தை 100 கிலோ ஆம்பியர் என்று வைத்துக்கொள்கிறார்கள். பாதி மண்ணுக்குள் போகும், பாதி கட்டடத்துக்கு வரும் கம்பிகள் வழியே வெளியேறப் பார்க்கும். அந்த 50 கிலோ ஆம்பியரை மூன்று பேஸ், ஒரு நியூட்ரல் என்று நான்காகப் பிரித்தால் ஒன்றுக்கு 12.5.

என் பழக்கம் இது. இடிதாங்கி உள்ள கட்டடம் என்றால் மெயின் போர்டில் டைப் 1 கட்டாயம், அதில் மாற்றுப் பேச்சே இல்லை. மேட்டில் லைன் முடியும் இடத்தில் தனியாக நிற்கும் ஸ்டோர், தோட்ட வீடு என்றால் டைப் 1, 2 இரண்டும் சேர்ந்த ஒரே பெட்டி. ஊருக்குள் நாலு பக்கமும் வீடு சூழ்ந்த இடத்தில் டைப் 2 போதும்.

அடுத்து யூசி என்ற எண். எஸ்பிடி தொடர்ந்து தாங்கக்கூடிய மின்னழுத்தம் அது. 275 என்று போட்டது கடையில் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்திலும், ராத்திரி லோடு குறைந்த பிறகு தோட்ட லைன்களிலும் 270 வோல்ட்டை என் மீட்டரிலேயே பார்த்திருக்கிறேன். அங்கே 275 வைத்தால் வில்லை சீக்கிரம் தேய்ந்துவிடும். 320 வாங்குங்கள்.

யூபி என்பது எஸ்பிடி வேலை செய்யும்போது அதன் இரு முனைக்கு நடுவே மிஞ்சும் மின்னழுத்தம். இது குறைவாக இருக்க வேண்டும். 230 வோல்ட் அமைப்பில் டிவி, பிரிட்ஜ் போன்றவை 2.5 கிலோ வோல்ட் சர்ஜைத் தாங்க வேண்டும் என்பது தரக் கணக்கு. நுண்ணிய மின்னணுப் பொருளுக்கு 1.5, வீட்டுச் சுற்றுகளைப் பிரித்துவிடும் டிபி பாக்ஸுக்கு 4, மீட்டர் இருக்கும் இடத்துக்கு 6. ஆகவே யூபி 1.5 கிலோ வோல்ட் அல்லது அதற்குக் கீழே பார்த்து எடுங்கள்.

கடைசியாக அமைப்பு. டிடி இணைப்புக்கு ஒரு பேஸ் என்றால் 1+1, மூன்று பேஸ் என்றால் 3+1 என்று கேளுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வேரிஸ்டர், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வாயுக் குழாய். வேரிஸ்டர் தேய்ந்து கசிந்தாலும் கசிவு நேராக எர்த்துக்குப் போகாது, வாயுக் குழாய் தடுத்துவிடும். எர்த்தில் கரண்ட் ஏறி ஆளைத் தொடும் ஆபத்து இல்லை.

மூன்றாம் படி: எர்த்

இப்போது அந்த ஸ்டோர் கதைக்கு வருகிறேன். எஸ்பிடிக்குத் தனி எர்த் போட வேண்டும், மற்ற எர்த்தோடு சேர்த்தால் இடி வீட்டுக்குள் வந்துவிடும் என்று நம் பக்கம் பலரும் நம்புகிறார்கள். பழைய வயர்மேன்களும் சொல்வார்கள். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் தவறு.

கணக்கைப் பாருங்கள். அந்தத் தனிக் குழியின் எர்த் தடை 10 ஓம். நல்ல குழிதான். அதில் 5 கிலோ ஆம்பியர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 5,000 பெருக்கல் 10, ஐம்பதாயிரம் வோல்ட். அந்த நொடியில் எஸ்பிடியின் எர்த் முனை தூரத்து மண்ணைவிட 50,000 வோல்ட் மேலே நிற்கிறது. எஸ்பிடி பேஸையும் நியூட்ரலையும் அதோடு சேர்த்துப் பிடித்திருப்பதால் அவையும் அந்த உயரத்தில்தான். டிரையரின் இரும்பு உடம்போ எதிர்ப்பக்கக் குழியில் கட்டப்பட்டு ஏறத்தாழப் பூஜ்ஜியத்தில் நிற்கிறது. நடுவில் இருப்பது உள்ளங்கை அளவு கன்ட்ரோல் போர்டு. ஒரு பக்கம் பேஸ், மறு பக்கம் உடம்பு. பொறி பாயாமல் என்ன செய்யும்? அந்தப் போர்டைக் கழற்றிப் பார்த்தபோது, பேஸ் வரும் செம்புக் கோட்டிலிருந்து உடம்போடு திருகி வைத்த ஓட்டை வரை மெல்லிசாக ஒரு கரிக்கோடு மரக்கிளை மாதிரி ஓடியிருந்தது.

தேக்கடி ஏரியில் தண்ணீர் ஏறினால் படகும் ஏறும், படகில் இருப்பவரும் கூடவே ஏறுவார், யாருக்கும் ஒன்றும் ஆகாது. கரையில் கயிறு இழுத்து இறுக்கிக் கட்டிய படகுதான் முழுகும். எர்த்தும் அப்படித்தான். எல்லா எர்த்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், 50,000 வோல்ட் ஏறினாலும் பேஸ், நியூட்ரல், உடம்பு எல்லாம் சேர்ந்தே ஏறும். அவற்றுக்கு நடுவே இருக்கும் வேறுபாடு எஸ்பிடி விடும் ஒன்றரைக் கிலோ வோல்ட் மட்டும். அதைப் போர்டு தாங்கிக்கொள்ளும்.

ஆகவே செய்ய வேண்டியது, மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு செம்பு எர்த் பட்டை. எஸ்பிடியின் எர்த், டிபி பாக்ஸ் எர்த், சாக்கெட்டுகளின் எர்த், இடிதாங்கி இருந்தால் அதன் குழி, டிஷ் ஆன்டெனா, இரும்புத் தண்ணீர்க் குழாய், போர் கேசிங் பைப், சோலார் தகட்டின் சட்டம், எல்லாம் அந்தப் பட்டையில் வந்து சேர வேண்டும். பழைய குழி, புதுக் குழி இரண்டும் இருந்தால் நல்லதே. இரண்டையும் மண்ணுக்கடியில் பட்டை ஓட்டி இணைத்துவிடுங்கள். அந்த ஸ்டோரில் நான் செய்தது அவ்வளவுதான். புதிதாக எதுவும் வாங்கவில்லை, ஒரு பட்டையையும் வயர் முனையில் மாட்டும் சில லக்குகளையும் தவிர.

எர்த் தடை எவ்வளவு வேண்டும்? மின்னல் பாதுகாப்புக்கு 10 ஓமுக்குள் என்பது வழக்கமான இலக்கு. முல்லைப் பெரியாறு பாயும் வயல் பக்கம் ஈர மண்ணில் ஒரு பைப் இறக்கினாலே வந்துவிடும். மேலே மலையில் இரண்டடிக்குக் கீழ் பாறை. அங்கே ஆழமாகத் தோண்டுவதைவிட, கட்டடத்தைச் சுற்றி அரை மீட்டருக்கும் கீழே வாய்க்கால் வெட்டி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையை வளையமாகப் புதைப்பது நல்ல பலன் தரும். எர்த் டெஸ்டர் வைத்து அளந்து பாருங்கள், அதுவும் பங்குனி வெயிலில். மழைக்காலத்தில் அளந்தால் எல்லாக் குழியும் நல்ல குழியாகத்தான் தெரியும்.

ஜிஐ கம்பியையும் செம்பு வயரையும் நேராக முறுக்கி இணைக்காதீர்கள். ஈரத்தில் அந்த இடம் அரித்துப் போகும். ஈயம் பூசிய லக் போட்டு, போல்ட் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

நான்காம் படி: அரை மீட்டர்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். லைனிலிருந்து எஸ்பிடிக்கு வரும் வயரும், எஸ்பிடியிலிருந்து எர்த் பட்டைக்குப் போகும் வயரும் சேர்ந்து அரை மீட்டரைத் தாண்டக் கூடாது.

ஏன் என்றால், 50 சுழற்சிக் கரண்டுக்கு ஒரு மீட்டர் வயர் ஒன்றுமே இல்லை. ஆனால் எட்டு மைக்ரோ விநாடியில் உச்சம் ஏறும் சர்ஜுக்கு அதே வயர் ஒரு தடுப்பு. இன்டக்டன்ஸ் எனப்படும் அந்தத் தடுப்பு, நேரான வயரில் ஒரு மீட்டருக்குச் சுமார் ஒரு மைக்ரோ ஹென்றி. 10 கிலோ ஆம்பியர் எட்டு மைக்ரோ விநாடியில் ஏறினால் ஒரு மீட்டருக்கு 1,200 வோல்ட்டுக்கு மேல் அந்த வயரிலேயே நிற்கும். இரண்டு மீட்டர் வயர் வைத்தால் 2,500. எஸ்பிடியின் 1,500-ஐயும் கூட்டினால் நாலாயிரம் ஆகிவிடுகிறது. 2,500 தாங்கும் டிவிக்கு நாலாயிரம் போகிறது. வயரைச் சுருட்டி வைத்தால் இன்னும் மோசம், சுருள் என்பதே காயில்தானே. வயரைத் தடிமனாகப் போட்டாலும் இதில் பெரிதாக மாற்றம் வராது. நீளத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

போர்டில் இடம் சரியாக அமையவில்லை என்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று, எர்த் பட்டையை எஸ்பிடிக்குக் கீழேயே கொண்டுவந்து வைப்பது. இன்னொன்று, கிளை வயர் எடுக்காமல், வரும் லைனை எஸ்பிடியின் முனைக்கே கொண்டுபோய் முடுக்கி, அங்கிருந்தே டிபிக்கு எடுத்துப் போவது. ஆங்கில வி எழுத்து மாதிரி வரும். அப்படிச் செய்தால் மேல் பக்கக் கிளை நீளம் பூஜ்ஜியம். முனை அந்த ஆம்பியரைத் தாங்குமா என்று மட்டும் தயாரிப்பாளரின் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எர்த் பக்கச் செம்பு வயர் டைப் 2-க்குக் குறைந்தது 6 சதுர மி.மீ., டைப் 1-க்குக் குறைந்தது 16.

ஐந்தாம் படி: மாட்டும் வேலை

இது உரிமம் உள்ள வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்க்கத் தெரிந்திருந்தால் போதும். மீட்டர் சீலையும் மின்வாரிய ப்யூஸையும் தொட வேண்டாம்.

மெயின் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், சோலார் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பின்னாலிருந்து கரண்ட் ஏறி வந்து ஆளை அடிப்பது இவற்றால்தான். டெஸ்டரை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரில் பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றும் பார்த்த பிறகு கை வையுங்கள்.

எஸ்பிடியின் இடம் மெயின் சுவிட்சுக்கு அடுத்து, எர்த் கசிவைக் கண்டால் விழும் ஆர்சிசிபிக்கு முன்னால். பின்னால் வைத்தால் ஒவ்வொரு இடிக்கும் ஆர்சிசிபி விழும், அதன் உறுப்பும் கெடும். தோட்டத்தில் ஆள் இல்லாத நேரம் விழுந்தால் டிரையர் நின்று ஒரு பேட்ச் காய் வீணாகும்.

எஸ்பிடிக்கு முன் ஒரு காப்பு, ப்யூஸோ எம்சிபியோ, வேண்டும். எத்தனை ஆம்பியர் என்பது எஸ்பிடியின் மேலேயே அச்சிட்டிருக்கும். மெயின் எம்சிபியே அந்த அளவுக்குள் இருந்தால் தனியாகத் தேவையில்லை. ஆனாலும் நான் தனியாகவே போடுகிறேன். எஸ்பிடி பழுதாகிக் குறுக்குச்சுற்று ஆனால் அதன் எம்சிபி மட்டும் விழும், வீடு இருட்டாகாது.

அடுத்து, பேஸ் வயர் பேஸ் முனைக்கு, நியூட்ரல் வயர் நியூட்ரல் முனைக்கு. இதில் அவசரம் கூடாது. 1+1 பெட்டியில் இரண்டும் மாறிவிட்டால் வாயுக் குழாய் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வந்துவிடும். ஒரு சர்ஜில் அது பொறி விட்டால், பின்னாலேயே வரும் 230 வோல்ட் கரண்டை அதனால் நிறுத்த முடியாமல் போகலாம். பெட்டி எரியக்கூடும். ஆகவே மாட்டும் முன் எது பேஸ் என்று சோதித்து, வயரில் டேப் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். மழையில் சர்வீஸ் வயர் அறுந்து கம்பத்தில் திரும்ப இணைத்தால், பேஸும் நியூட்ரலும் மாறி வந்திருக்கலாம். அன்றே மறுபடி சோதியுங்கள்.

எர்த் வயரைக் கடைசியில் அல்ல, முதலில் முடுக்கிவிடுங்கள். வயரைத் தோலுரித்து, லக் வைத்து அழுத்தி, முனையில் இறுக்கி, ஒரு முறை இழுத்துப் பாருங்கள். சர்ஜ் போகும்போது வயர் உதறும், தளர்ந்த இணைப்பு அங்கேயே பொறி விடும்.

பத்து மீட்டர் தாண்டினால்

மெயின் போர்டில் உள்ள எஸ்பிடி வயர் வழியில் சுமார் 10 மீட்டர் வரை நம்பகமாகக் காக்கும். அதற்கு மேல் போனால் மின்னழுத்தம் வயரின் மறுமுனையில் எதிரொலித்து மறுபடி ஏறும். மாடியில் தனி டிபி, தோட்டத்தில் தள்ளி இருக்கும் மோட்டார் ஷெட், கூலியாட்கள் தங்கும் லைன் வீடு, ஒவ்வொன்றின் போர்டிலும் இன்னொரு டைப் 2 வையுங்கள்.

டிவிக்குப் பின்னால் மாட்டும் ஸ்பைக் கார்டு பெட்டி டைப் 3 வேலையைச் செய்யும். மெயினில் டைப் 2 இல்லாமல் அது மட்டும் இருந்தால் பெரிய அடியைத் தாங்காது. சாக்கெட்டில் எர்த் இல்லை என்றால் அதன் பாதி வேலை நடக்கவே நடக்காது. பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் இரண்டு வயர்தான் இருக்கும். கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

கரண்ட் லைன் மட்டும் வாசல் இல்லை

மெயினில் எல்லாம் சரியாகச் செய்தும் டிவி போகிறது என்றால் கேபிள் வயரைப் பாருங்கள். கம்பம் கம்பமாகத் தாவி வரும் கேபிள் டிவி வயர், மொட்டை மாடி டிஷ் ஆன்டெனா, கேட் வரை ஓடும் சிசிடிவி வயர், எல்லாம் சர்ஜை நேராகக் கொண்டுவரும். அந்தந்த வயருக்கு உரிய சர்ஜ் காப்பு தனியாகக் கிடைக்கிறது. வீட்டுக்குள் நுழையும் இடத்தில், அதுவும் மெயின் போர்டு இருக்கும் பக்கமாகவே அதைக் கொண்டுவந்து, அதன் எர்த்தையும் அதே பட்டையில் சேருங்கள். பைபர் இணைய வயரில் கண்ணாடி இழை கரண்டைக் கடத்தாது, ஆனால் அதைத் தாங்கி வரும் இரும்புக் கம்பி கடத்தும். அதை வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.

சோலார் வைத்திருந்தால் தகட்டிலிருந்து வரும் டிசி பக்கத்துக்கு டிசி எஸ்பிடி தனியாக வேண்டும். ஏசிக்கு வாங்கியதை அங்கே போடவே கூடாது. டிசியில் பொறி தானாக அணையாது, தீப்பிடிக்கும்.

போர் மோட்டார் ஆழத்தில் ஈர மண்ணோடு ஒட்டி இருப்பது. மேலே பெட்டி ஒரு உயரத்திலும் கீழே மோட்டார் பூஜ்ஜியத்திலும் நின்றால் மோட்டார் காயிலின் மின்காப்பு துளைபடும். கேசிங் பைப்பைப் பெட்டியின் எர்த்தோடு சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

மாட்டிய பிறகு

கரண்ட் போட்டதும் ஜன்னல் பச்சையா என்று பாருங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மின்னழுத்தம் சில வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

பின்னாளில் வீட்டு வயரிங்கின் மின்காப்பை மெக்கர் என்ற கருவி வைத்துச் சோதிக்க யாராவது வந்தால், எஸ்பிடி வில்லையை (அது இருக்கும் செருகு பகுதியோடு) உருவி எடுத்துவிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெக்கருக்கு வேரிஸ்டர் கடத்த ஆரம்பித்துவிடும், நல்ல வயரிங்கே பழுதானதுபோல் காட்டும். அப்படிக் காட்டியதை நம்பிச் சுவரை உடைத்து வயர் மாற்றிய ஒரு வீடு எனக்குத் தெரியும். சோதித்து முடித்ததும் வில்லையைத் திரும்பச் செருகினார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்பிடி இருக்கிறது என்பதற்காக இடி நேரத்தில் பிளக்கைப் பிடுங்கும் வழக்கத்தை விட வேண்டாம். ஆனால் தலைக்கு மேல் மின்னல் வெட்டும்போது போய்ப் பிடுங்காதீர்கள், மேகம் கட்டும்போதே செய்துவிடுங்கள். புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை நிறுவனம் தாமினி என்று ஒரு செயலி வைத்திருக்கிறது, நம்மைச் சுற்றி எங்கே மின்னல் விழுகிறது என்று காட்டும். தோட்டத்தில் காய் எடுக்கும் ஆட்களைக் கூட்டிப் போகும் கங்காணிகள் போனில் அது கட்டாயம் இருக்க வேண்டும். மரத்தடியில் நிற்பவரை எந்த எஸ்பிடியும் காக்காது.

சித்திரைக்கு முன் ஒரு முறை, ஐப்பசிக்கு முன் ஒரு முறை போர்டைத் திறந்து திருகுகளை முடுக்குங்கள். பெரிய இடி விழுந்த மறுநாள் ஜன்னல் நிறத்தைப் பாருங்கள். சிவப்பாகியிருந்தால் முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டியதில்லை, வில்லையை மட்டும் உருவி அதே மாடலில் வேறு செருகலாம். மலையில் இருப்பவர்கள் ஒரு வில்லையை முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மழை பிடித்து மண் சரிந்தால் கீழே இறங்கி வாங்கி வர இரண்டு நாள் கூட ஆகலாம். நான் மாட்டும் ஒவ்வொரு போர்டின் மூடிக்குள்ளும் மார்க்கரில் மூன்று விஷயம் எழுதிவிட்டுத்தான் வருவேன்: மாட்டிய தேதி, அன்று அளந்த எர்த் ஓம், மாற்று வில்லை எங்கே வைத்திருக்கிறது என்பது. அந்த ஸ்டோரில் இப்போது அது மாட்டு உரக் கணக்கு நோட்டு இருக்கும் அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது.